ஒன்றாம் எண்ணில் இருந்த பெயர்

நான் ஓர் ஆசிரியையின் பெயரை அடித்தேன். தெரியாமல் அல்ல... தெரிந்தே, என் சிவப்புப் பேனாவால் அடித்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, வாய் கூசாமல் பொய்யும் சொன்னேன்.

கொலையா செய்துவிட்டாய், ஒரு பெயரைத்தானே அடித்தாய் என்று நீங்கள் கேட்பீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

திருவள்ளூர்ப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நான் வேதியியல் பேராசிரியன். ஆராய்ச்சிப் பிரிவுக்கும் நானே தலைவன். எங்கள் ஆய்வுக் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை வைத்துத்தான் எங்கள் தரவரிசை ஏறும், இறங்கும். அதை ஏற்றுவது என் பொறுப்பு. நல்ல ஆய்வு செய்தால் தானாக ஏறும்தான். ஆனால் அதற்கு ஆண்டுக்கணக்காகும். எனக்கு அவ்வளவு பொறுமை ஏது?

குறுக்குவழி கண்டுபிடித்தேன். இங்கிருந்து போகும் ஒவ்வொரு கட்டுரையும் எங்கள் ஆட்களின் கட்டுரைகளில் குறைந்தது பத்தை மேற்கோள் காட்ட வேண்டும். பொருந்தினாலும் சரி, பொருந்தாவிட்டாலும் சரி! பட்டியலை நானே தயாரித்தேன். மாணவர்கள் அதற்குச் 'சீர்வரிசை' என்று பெயர் வைத்திருந்தார்கள். "இன்னாடா, பேப்பர் கெளம்புதாமே, சீர்வரிசைத் தட்டு பத்தும் எடுத்தாச்சா?" என்று வராந்தாவில் கேலி பேசுவது என் காதில் விழும். நானும் சிரித்துக்கொண்டே போவேன். வெட்கங்கெட்டவன்!

லாவண்யா என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவள். திருப்பாச்சூர்ப் பெண். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்க் கிணறுகளில் உப்பு எப்படி ஏறிவருகிறது என்பது அவளுடைய ஆய்வு. நல்ல கட்டுரை. ஆனால் அனுப்பவிருந்த இதழ் நாற்பது மேற்கோள்களுக்கு மேல் ஏற்காது. அவள் நாற்பதையும் நிரப்பியிருந்தாள். சீர்வரிசைக்கு இடம் வேண்டுமே... மேற்கோள் பட்டியலைத் தாளில் அச்செடுத்து, பத்தை வெட்ட உட்கார்ந்தேன்.

ஒன்றாம் எண்ணில் இருந்த பெயர் சகாயமேரி. பக்கத்தில் ஒரு சின்னக் கல்லூரியின் ஆசிரியை. அவர் எழுதிய ஒரே கட்டுரை அதுதான். அதே கிணறுகளைப் பல ஆண்டுகளுக்கு முன்பே சோதித்து எழுதியிருந்தார். யாருக்கும் தெரியாத பெயர், வெட்டினால் கேட்க ஆளில்லை என்று நினைத்தேன்.

"சார், அத மட்டும் அடிக்காதீங்க சார்," என்றாள் லாவண்யா. "அவங்க போட்ட மேப்ப வெச்சிக்கினுதான் ஒவ்வொரு கெணறா தேடிக்கினு போனேன். அவங்க இல்லன்னா இந்தப் பேப்பரே இல்ல சார்."

"ஒன்னு போனா இன்னா குடிமுழுகிடப் போவுது? பேஜாரு பண்ணாத, போம்மா!" என்றேன். அவள் போய்விட்டாள். அவளுடைய பட்டத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியவன் நானல்லவா.

கட்டுரை வெளிவந்தது. எங்கள் எண்கள் ஏறின. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

ஒரு மாதம் கழித்து சகாயமேரி டீச்சரே என் அறைக்கு வந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சண்டையா! அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கையில் எங்கள் கட்டுரை.

"அதே கெணறுங்க சார்! அப்ப நாங்க பாத்து சொன்னது சரிதான்னு ஆயிடுச்சு, இல்ல சார்?"

'நாங்க' என்றது அவரும் கணவர் தேவராஜும். தேவராஜ் ஓர் இரும்பாலைத் தொழிலாளி. ஷிப்ட் முடிந்ததும் மொபெட்டில் தண்ணீர் பாட்டில்களைக் கட்டி, மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக் கிணறு கிணறாகச் சுற்றியவர். தன் பழைய கட்டுரையின் கடைசி வரியில் டீச்சர் அவருக்குத்தான் நன்றி சொல்லியிருந்தார். இப்போது சிறுநீரகம் பழுதாகிப் படுக்கையில் இருக்கிறாராம்.

"ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போய்க்கினு வந்தா, மொதல்ல போனத் தொறந்து பாக்கச் சொல்வாரு சார். 'இன்னா மேரி, நம்ம பேர யாராச்சும் எழுதினாங்களா?' இன்னும் சைபர்தான்னு சொன்னா, 'வரும், வரும்'பாரு." சொல்லிவிட்டுச் சற்றுத் தயங்கினார். "எங்க பேப்பர் உங்க கண்ணுல படலையா சார்?"

சிவப்புக் கோடு விழுந்த அந்தத் தாள் என் மேசை இழுப்பறையில் இருந்தது. அவருக்கும் அதற்கும் இடையே ஒரு முழ தூரம்கூட இல்லை.

"படலையேம்மா," என்றேன்.

"பரவால்ல சார். தெரிஞ்சிருந்தா நீங்க போட்டிருக்க மாட்டீங்களா இன்னா? அவர்கிட்ட அப்டியே சொல்றேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாமே! இதழுக்கு ஒரு திருத்தக் குறிப்பு அனுப்பினால் போதும், பெயரைச் சேர்த்திருப்பார்கள். ஆனால் ஏன் விட்டீர்கள் என்று கேட்பார்களே? என் சீர்வரிசை சந்தி சிரிக்குமே! கடிதத்தை எழுதினேன், அனுப்பவில்லை. அடுத்த கட்டுரையில் அவரை ஒன்றாம் எண்ணில் போட்டுவிடலாம், சத்தமில்லாமல் சரியாகிவிடும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அப்படியே போட்டேன். அது அச்சாகிவர மாதங்கள் ஆயின. டீச்சரின் பூஜ்ஜியம் ஒன்றாயிற்று. அதற்கு மூன்று வாரம் முன்பே தேவராஜ் போய்விட்டிருந்தார்.

டீச்சர் போனில் அழைத்தார். "நீங்கதான் சார் மொதல்ல எங்க பேர எழுதினீங்க. வரும், வரும்னு சொல்லிக்கினேதான் சார் அவரு போனாரு... அது பொய்யாவல சார். நீங்க நல்லா இருக்கணும்."

எனக்கு வாழ்த்து! நான் என்ன சொன்னேன் தெரியுமா உங்களுக்கு? "இருக்கட்டும்மா" என்றேன். பெருந்தன்மைக்காரனைப் போல!

இந்தக் கிறிஸ்துமஸுக்கு டீச்சர், தன்னைப் பார்க்கப் போன லாவண்யா கையில் ஒரு டப்பா அச்சு முறுக்கு கொடுத்தனுப்பியிருந்தார். தின்றேன். நன்றாக இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பலகாரம் வந்த டப்பாவை வெறும் டப்பாவாகத் திருப்பித் தரக் கூடாது. நம் வீட்டு வழக்கம் உங்களுக்கும் தெரியும். இதற்குள் போட வேண்டியது எது என்று எனக்கும் தெரிந்திருந்தது. இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். நாலாக மடித்து டப்பாவுக்குள் வைத்தேன். லாவண்யா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுங்க சார். டீச்சர் ஊட்டுப் பக்கந்தான் போறேன்," என்றாள். அந்தத் தாள் டீச்சர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அவள் குரலில் அப்படியொரு ஆசை...

தாளை வெளியே எடுத்தேன். தேநீருக்கு வைத்திருந்த சர்க்கரையைக் கொட்டி, மூடி, அவள் கையில் கொடுத்தேன்.