வேலி தாண்டிய உமரி

சாயப்பட்டறைக்குப் பின்னால் சிவப்பாக ஒரு செடி நிற்பதை முதலில் பார்த்தது நான்தான். எண்பதுகளின் கடைசி, எனக்கு ஒன்பது வயது இருக்கும். பட்டறை அப்பாவுடையது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற வழியில், ரோட்டைவிட்டுச் சற்று உள்ளே தள்ளி இருந்தது. நூலுக்குச் சாயம் ஏற்றியபின் மிஞ்சுகிற தண்ணீர் பின்சுவர் ஓட்டை வழியாக ஒரு மண் ஓடையில் விழும். கொஞ்ச தூரம் ஓடி, வெயிலில் காய்ந்துபோகும். அந்த ஓடைக்கரையில் அருகம்புல்கூட முளைக்காது. அங்கேதான் அந்தச் செடி என் முழங்கால் உயரத்துக்குக் கொழுகொழுவென்று நின்றது. இலைகள் இலை மாதிரியே இல்லை. மணிகளைக் கொஞ்சம் நீளமாக உருட்டிக் காம்பில் ஒட்டவைத்தது போலிருந்தன. நசுக்கினால் தண்ணீர் வந்தது. நுனியில் பச்சை, கீழே வரவரச் சிவப்பு.

சாயத்தைக் குடித்துத்தான் சிவந்திருக்கிறது என்று முடிவு செய்தேன். அந்த வாரம் முழுக்கப் பட்டறையில் நீலம் ஓடியது. செடி நீலமாக மாறுகிறதா என்று பள்ளிக்கூடம் விட்டதும் போய்ப் போய்ப் பார்த்தேன். மாறவில்லை. அதில் எனக்குப் பெரிய வருத்தம்.

ஒரு கிளையை ஒடித்து அத்தையிடம் கொண்டுபோனேன். அத்தை அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்த் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தாள். ரோட்டோரத்துச் செடிகளைப் பிடுங்கிவந்து பழைய பேப்பருக்கு நடுவில் வைத்து, மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்துவிடுவாள். சட்னி அரைக்கிற நேரத்தில் அம்மாவுக்குக் குழவியைத் தேடுவதே வேலையாக இருக்கும். அத்தை என் கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நுனிநாக்கால் தொட்டுவிட்டுத் துப்பினாள்.

"கரிக்குதுட்டி."

நானும் நாக்கை நீட்டினேன். "நீ தொடாத, சாயத்தண்ணி குடிச்சது" என்று பிடுங்கிக்கொண்டாள்.

மறுநாள் கல்லூரியிலிருந்து முகம் தொங்கிப்போய் வந்தாள். "உமரியாம். தூத்துக்குடி உப்பளத்துப் பக்கம் வளர்றதாம். இங்க பறிச்சேன்னா டீச்சர் நம்பமாட்டேங்காவ. யாரோ கொண்டாந்து குடுத்ததை வச்சுக் கதை விடுறேனாம்."

அத்தைக்கு எதுவும் பொறுக்கும். பொய் சொல்கிறாய் என்றால் மட்டும் பொறுக்காது. கடற்கரைச் செடி எங்கள் ஓடைக்கு எப்படி வந்தது என்று கண்டுபிடிப்பதில் இறங்கினாள். நானும் கூடவே திரிந்தேன். உமரியில் பல வகை உண்டாம். ஆள் உயரப் புதராக வளர்வதும் உண்டு, கீரையாகச் சமைக்கிறதும் உண்டு. வேர் வழியாக வருகிற உப்பை நிறையத் தண்ணீரோடு சேர்த்து இலையில் அடைத்துக்கொள்ளுமாம். அதனால்தான் அந்தக் கொழுப்பு. உப்பு அளவுக்கு மீறினால் பழைய இலைகள் சிவந்து உதிர்ந்துவிடுமாம். பூவும் இருந்தது. இதழே இல்லாமல், இலைக்கும் தண்டுக்கும் நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு. அதைப் பூ என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

சாயம் நூலில் நன்றாகப் பிடிக்க உப்புப் போடுவார்கள். தூத்துக்குடியிலிருந்து லாரியில் மூட்டை மூட்டையாக உப்பு வரும். காலிச் சாக்குகளை ஓடைக்கரையில்தான் உதறுவார்கள். இதை நான் சும்மா பேச்சுவாக்கில் சொன்னதும் அத்தை எழுந்து போய் ஒரு சாக்கை உள்வெளியாகத் திருப்பினாள். தையல் ஓரத்து அழுக்கில் கறுப்பாக, கடுகைவிடச் சிறிதாக, பளபளவென்று விதைகள். இரண்டு டப்பாவில் மண் போட்டு விதைத்தோம். ஒன்றுக்கு உப்புத்தண்ணீர், இன்னொன்றுக்கு நல்ல தண்ணீர். உப்புத்தண்ணீர் ஊற்றியது வரவே இல்லை. நல்ல தண்ணீர் ஊற்றியது முளைத்தது. உப்பிலேயே வாழ்கிற செடி முளைப்பதற்கு மட்டும் மழைத்தண்ணீர் கேட்கிறதே என்று பல நாள் யோசித்தேன்.

பட்டறையின் முள்வேலிக்கு அப்பால் பெரியப்பாவின் கத்திரித்தோட்டம். அப்பாவின் உடன்பிறந்த அண்ணன்தான். ஆனால் பொங்கலிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. அந்தப் பொங்கல் சமயத்தில்தான் கத்திரி இலைகள் ஓரமெல்லாம் கருகின. உன் பட்டறைத் தண்ணிதான் என் கிணத்தைக் கெடுக்குது என்று பெரியப்பா வந்து சத்தம் போட்டார். அப்பா அவரைக் கிணற்றடிக்கே கூட்டிப்போய், "பாருங்க. நீலமா இருக்கா, செவப்பா இருக்கா?" என்று கேட்டாராம். பாய்ச்சலுக்கு மட்டும் இறைக்கிற அந்தத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்ததாம். அதற்குப்பின் தோட்டத்தில் திருஷ்டிப் பூசணி தொங்கியது.

ஒருநாள் அத்தை, எங்கெல்லாம் உமரி நிற்கிறது என்று பார்ப்போம் என்றாள். எனக்கு அது கண்ணாமூச்சி விளையாட்டு மாதிரி. ஓடைக்கரையில் வரிசையாக நின்றது. ஓடை முடிந்த இடத்துக்கு அப்புறமும் நின்றது. "இங்கயும் இருக்கு அத்தை" என்று கத்திக்கொண்டே முன்னால் ஓடினேன். வேலிக்கு அடியில் இரண்டு. குனிந்து வேலியைத் தாண்டினால், சாயத்தண்ணீர் ஒருநாளும் எட்டாத பெரியப்பா தோட்டத்து வரப்பில் இன்னும் நாலைந்து. கடைசிச் செடி கிணற்றுக்குப் பக்கத்தில் நின்றது. அத்தை கிணற்றுவாளியில் மிச்சமிருந்த தண்ணீரைக் கையில் எடுத்து நாக்கில் வைத்தாள். உடனே துப்பினாள்.

"வா, போவோம்."

"இன்னும் தேடலையே?"

"போதும்ட்டி."

அன்று சாயங்காலம் அத்தை அப்பாவிடம் பேசியது என் காதில் விழுந்தது. "கிணத்துல சாயம் இல்லைன்னு நீங்க சொன்னது நெசந்தான்ணே. சாயத்தை மண்ணு புடிச்சு வச்சுக்கிடுச்சு. உப்பை அதால புடிக்க முடியாது, கிணறு வரைக்கும் எறங்கிருச்சு." அப்பா வெகுநேரம் சாப்பிட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வேலியைச் சுற்றிப் பெரியப்பா தோட்டத்துக்குப் போனார். "அண்ணே, ஒண்ணு காட்டணும். செத்த வாங்க" என்றார். பெரியப்பா மண்வெட்டியைக் கீழே வைக்காமலே வந்தார். கிணற்றடிச் செடியிலிருந்து ஆரம்பித்து, வரப்பு, வேலி, ஓடை என்று அப்பா ஒவ்வொன்றாகக் கை காட்டிக்கொண்டே நடந்தார். பட்டறையின் பின்சுவர் ஓட்டைக்கு முன்னால் நின்றார்.

"என்ன செடி இது?" என்றார் பெரியப்பா.

அப்பா வாய் திறக்கவில்லை.

அந்த வருஷமே அப்பா ஓடையை மூடிச் சிமெண்டுத் தொட்டி கட்டினார். தோட்டத்தின் மேல்கோடியில் பெரியப்பாவுக்கு வேறு கிணறு வெட்டியபோது கூடவே நின்றார். அத்தையின் டீச்சர் ஒருநாள் நேரில் வந்து பார்த்துவிட்டு, ஒரு கிளை கேட்டு வாங்கிப் போனார். ஆனாலும் பழைய கிணற்றடி மண்ணில் கத்திரி திரும்ப வரவில்லை. உமரிதான் நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? மாதக்கணக்காகப் பேசாதிருந்த இருவரும் நான் கண்டுபிடித்த செடியைப் பார்க்க ஒன்றாக வந்திருக்கிறார்கள் என்று பூரித்துப்போனேன். அப்பாவுக்குப் பெயர் தெரியவில்லை போலிருக்கிறது என்று நானே பெரியப்பாவுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். உமரி என்று பெயர், உப்பு இருக்கிற இடத்தில் மற்றச் செடியெல்லாம் செத்துப்போகும், இது மட்டும் நன்றாக வரும், நம் பட்டறை உப்புச்சாக்கிலிருந்துதான் வந்தது என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அப்பா குனிந்து என் கையை இறுகப் பிடித்தார். ஒன்றுகூட விடாமல் சொல்லிவிட்டேன், அதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.