யோசப்பின் பெயரை வாசிக்கச் சொல்லப் போன சனிக்கிழமை

போன செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை காலை 9.20 மணிக்கு, ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகருக்கு வடக்கே ஒரு சோளக் காட்டு ஓரத்தில், துப்பாக்கியும் நீலச் சீருடையுமாக நின்ற ஒருவர் கையை உயர்த்தி என் காரை மறித்தார். நான் எஞ்சினை நிறுத்தினேன். லைசென்ஸை எடுத்து நீட்டினேன். அவர் வாயைத் திறப்பதற்குள் இறங்கிப் போய் டிக்கியையும் திறந்துவிட்டு, இரண்டு கையும் தெரிகிற மாதிரி ஓரமாக நின்றுகொண்டேன்.

"அப்பா! என்ன செய்யிறியள்? அவர் பார்க்கிங் எங்கயெண்டு சொல்லத்தான் மறிச்சவர்!" காருக்குள் இருந்து மகள் மதுரா கத்தினாள்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு: என் வாலிப காலத்தில் அங்கே சீருடைக்காரர் கையை உயர்த்தினால் இதுதான் ஒழுங்கு. கனடாவுக்கு வந்து முப்பது வருடமாகியும் உடம்பு அதை மறக்கவில்லை. நல்ல காலம், அவர் பகிடி தெரிந்த மனிதர். டிக்கிக்குள் குனிந்து, நான் முதல் நாள் இறக்க மறந்த பத்துக் கிலோ வெங்காயப் பையை மிகவும் கவனமாகத் தட்டிப் பார்த்தார். "வெங்காயம் படைக்கு எப்போதும் தேவை, சேர். உள்ளே போகலாம்" என்றார். மதுரா சீட்டில் இருந்து கீழே சரிந்து மறைந்துபோனாள்.

இனி, அங்கே ஏன் போனோம் என்ற கதை.

நூற்றறுபது வருடங்களுக்கு முன்பு அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் சண்டை பிடித்தன. அடிமைகளை வைத்திருப்பதா விடுவதா என்பதுதான் அந்த உள்நாட்டுப் போரின் அடிவேர். வடக்கின் குதிரைப்படைப் பிரிவு ஒன்றில், எல்லையில் கிடக்கிற பெரிய வாவிக்கு இந்தப் பக்கம் இருந்து போன கனடாக்காரரும் சேர்ந்திருந்தார்கள். அந்தப் பிரிவைப் போலவே உடுத்து, குதிரை ஏறி, கூடாரம் அடித்து இரண்டு நாள் தங்குகிற ஒரு கழகம் ரொறன்ரோ பக்கத்தில் இருக்கிறது. பதினொராம் வகுப்புச் சரித்திரப் பாடத்துக்கு மதுரா இந்தப் படையை எடுத்தாள். பழைய பெயர்ப் பதிவின் பிரதியைப் பார்த்துக்கொண்டு போனவள், யோசப் ஹார்லன் என்ற பெயருக்குப் பக்கத்தில் 'ஓடிப்போனவர்' என்று எழுதியிருந்ததைக் கண்டாள். அதே பெயர் அந்த முகாம் வயலுக்கு இரண்டு கிலோமீற்றர் தள்ளி ஒரு கல்லறையிலும் இருக்கிறது. மனிதர் பதினாலு மாதம் படையில் இருந்துவிட்டு, ஓடி வந்து, இங்கே பன்றி வளர்த்து, கிழவனாகிச் செத்திருக்கிறார்.

கழகம் ஒவ்வொரு வருடமும் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு அந்தப் படையில் யோசப் இருந்த கொம்பனியின், அதாவது சிறு பிரிவின், ஆட்களுடைய பெயர்களை வாசிக்கும். யோசப்பின் பெயரை மட்டும் வாசிப்பதில்லை. வாசிக்க வேண்டும் என்று மதுரா மின்னஞ்சல் போட்டாள். நேரில் வந்து கதை என்று அவர்களின் கேப்டன் பதில் போட்டார். ஒரு மாதமாக அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தாள். நான் சாரதி.

மதுரா காருக்குள் ஏறின பிறகு, மனைவி வாசலில் நின்று ஒன்று கேட்டாள். "ஒரு சண்டைக்குத் தப்பி வந்தனீங்கள். இப்ப ரிக்கெற் எடுத்து இன்னொருத்தன்ர சண்டையைப் பாக்கப் போறியளோ?" நான் போய்க் காரை எடுத்தேன்.

ரொறன்ரோவின் கிழக்கு ஓரத்தில், ரூஜில் எங்கள் வீட்டில் இருந்து 8.15க்குப் புறப்பட்டோம். மொத்தம் 52 கிலோமீற்றர். 401 நெடுஞ்சாலைப் பக்கம் போகவே தேவையில்லை, கிராம வீதிகளால் நேரே வடக்கே ஏறலாம். கடைசி மூன்று கிலோமீற்றர் புழுதி பறக்கிற கிரவல் ரோட்டு. காரை முதல் நாள் கழுவாதீர்கள், நான் கழுவினேன். பெரியவர்களுக்குப் பன்னிரண்டு டொலர், மாணவர்களுக்கு ஆறு. கார்ட் எடுக்க மாட்டார்கள்.

உள்ளே வெள்ளைக் கூடாரங்கள், பதினொரு குதிரைகள், குதிரையைவிட அதிகமான தாடிகள். கேப்டன் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட பஸ் சாரதி. நாற்பது பிள்ளைகளை ஏற்றி இறக்கியவருக்குப் பதினொரு குதிரை ஒரு பொருட்டே இல்லை என்று அவரே சொன்னார். நான் எதிர்பார்த்தது வாளை உருவிக்கொண்டு பாய்கிற கதை. அவர் சொன்னது வேறு. வடக்கில் சேர்ந்தவர்களில் பலர் கடைக்காரர்கள், எழுதுவினைஞர்கள். தொடக்கத்தில் ஒழுங்காகக் குதிரையில் இருக்கவே தெரியாது. தென்பகுதிக்காரர் பார்த்துச் சிரித்தார்களாம். பாய்ச்சல் எப்போதாவதுதான். மிச்ச நேரமெல்லாம் வேவு பார்ப்பது, கடிதம் கொண்டுபோவது, பாலத்தடியில் மழையில் காவல் நிற்பது. குண்டு பட்டதைவிட நோயாலும் களைப்பாலும் செத்த குதிரைகள்தான் அதிகம். இருபத்திரண்டு வருடம் களஞ்சியத்தில் ஷிப்ட் வேலை செய்தவனுக்கு இந்தப் படை நன்றாகவே விளங்கியது.

11.30க்கு ஊதுகுழல் ஊதினார்கள். சாப்பாட்டுக்குத்தான் என்று தட்டோடு முதல் ஆளாக வரிசையில் போய் நின்றேன். அது குதிரைகளுக்கான சாப்பாடு. குதிரை தின்று முடிந்த பிறகுதான் மனிதருக்கு, அது படையின் சட்டம். பின்னால் நின்ற தாடிக்காரர், "புல்லுக்கு உப்புப் போதுமா?" என்று விசாரித்தார்.

இரண்டு மணிக்கு, பெரிய கூடாரத்துக்குள், மதுரா எழுந்து நின்றாள். எழுதி வந்த தாளை விரித்தாள். அவள் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"பதினாலு மாதம் ஒவ்வொரு காலையும் அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் 'இருக்கிறேன்' என்று சொன்னார். கடைசியில் ஓடினார் என்பதற்காக அந்தப் பதினாலு மாதமும் இல்லாமல் போகுமா?"

கேப்டன் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "மகளே, அவன் ஓடிய இரவு அவனுக்குக் காவல் முறை இருந்திருக்கும். அவனுடைய இடத்தில் வேறொருவன் இரண்டு முறை நின்றிருப்பான். அப்படி நின்றவனுக்கு ஏதாவது நடந்திருந்தால்? நாங்கள் வாசிப்பது நின்றவர்களின் பெயரை" என்றார்.

கூடாரத்துக்குள் தாடிகள் தலையாட்டின. மதுரா தாளை மறுபக்கம் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடிக்கு முன்னால் இந்தக் கேள்வி வரவில்லை.

கேப்டன் என் பக்கம் திரும்பினார். "தகப்பன் ஒன்றும் சொல்லவில்லையே. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், சேர்?"

எல்லோரும் பார்த்தார்கள். மதுராவும் பார்த்தாள். "நான் டிரைவர் மட்டும்தான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

பிறகு அவள் தாளை மடித்து வைத்துவிட்டு, பார்க்காமலே பேசினாள். "ஏன் ஓடினார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஓடினதையும் சேர்த்தே வாசியுங்கள். அவரை நல்லவர் என்று சொல்லச் சொல்லவில்லை. இருந்தார் என்று சொல்லுங்கள்."

கேப்டன் தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வாசிக்கலாம், ஆனால் கடைசியாக, என்றார். இன்னொரு சிக்கலையும் சொன்னார். கூப்பிடுகிற ஒவ்வொரு பெயருக்கும் வரிசையில் நிற்கிற ஒருவர் 'இருக்கிறேன்' என்று பதில் சொல்வது அவர்களின் வழக்கம். யோசப்புக்காகப் பதில் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன் என்றார்.

"நான் சொல்லுவன்" என்றாள் மதுரா. அவசரத்தில் தமிழில் வந்துவிட்டது. ஆனாலும் விளங்கிவிட்டது. புல்லுக்கு உப்புக் கேட்ட தாடிக்காரர்தான் தன் நீலக் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். முழங்கால் வரைக்கும் வந்தது.

மூன்று மணிக்கு வரிசை நின்றது. எண்பத்துச் சொச்சம் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். கடைசியில் கேப்டன், "யோசப் ஹார்லன். பதினாலு மாதம் சேவை. ஓடிப்போனவர்" என்று வாசித்தார். ஒரு குதிரை செருமியது. பிறகு என் மகளுடைய குரல், நடுவில் கொஞ்சம் உடைந்து, "ஹியர், சேர்!" என்றது. நான் படம் எடுப்பதாக நினைத்துக்கொண்டு என்னுடைய மூக்கைத்தான் வீடியோ எடுத்திருக்கிறேன். முழுதாக ஒரு நிமிடம், நல்ல வெளிச்சத்தில்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். சனிக்கிழமை போங்கள், ஞாயிற்றுக்கிழமை பெயர் வாசிப்பதில்லை. பழைய சப்பாத்துப் போடுங்கள், காரணம் குதிரைகள். சின்னப் பிள்ளைகள் இருந்தால், பீரங்கி ஒரு மணிக்கு வெடிக்கும் என்று முதலே சொல்லி வையுங்கள். பெரிய ஆட்களுக்கும் சொல்லி வைப்பது நல்லது, நான் மேசைக்குக் கீழே போனதை ஏற்கெனவே வேறு நாலு பேர் படம் எடுத்துவிட்டார்கள். சாப்பாடு கொண்டுபோங்கள். அங்கே அவித்த போஞ்சிக்கொட்டைக்கு உறைப்பு என்றால் என்னவென்று தெரியாது.

திரும்பும்போது 4.30. வழியில் அந்தக் கல்லறையில் காரை நிறுத்தினோம். மதுரா இறங்கிப் போய் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வந்தாள். காருக்குள் ஏறினதும் கேட்டாள்.

"அப்பா, கேப்டன் கேக்கேக்க ஏன் டிரைவர் எண்டு சொன்னீங்கள்? யூ மஸ்ற் ஹேவ் தோட் சம்திங்."

"கிரவல் ரோட்டு, பிள்ளை. பாத்து ஓட வேணும்."

"எப்பவும் இப்பிடித்தான்" என்றுவிட்டு, காதில் பாட்டைச் செருகிக்கொண்டாள். ஆனால் சந்தோசமாகத்தான் இருந்தாள். ரூஜ் வரும் வரைக்கும் கால் தாளம் போட்டுக்கொண்டே வந்தது.

நான் கனடாவுக்குப் படிக்க வந்தேன் என்றுதான் அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். படித்த லட்சணம் இந்தக் கட்டுரையிலேயே தெரிந்திருக்கும். பத்தொன்பது வயதில், எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், பொடியன்கள் முறை வைத்து இரவில் காவல் நின்ற காலத்தில், ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு விடியற்காலை ஊரை விட்டு வெளிக்கிட்டேன். அன்று இரவு என்னுடைய முறை. என் இடத்தில் யார் நின்றான் என்று நான் இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.