ஜாய்ஸின் காணும் பொங்கல்

ஜாய்ஸ் வேலை பார்த்த கல்லூரியில் பொய் எழுதுவதற்கென்றே ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். மாதத்தின் கடைசி வேலை நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அன்றைக்கு அவளிடம் வேறு எந்த வேலையும் சொல்லமாட்டார்கள். வருஷம் முழுக்க அவளுக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

விஷயம் இதுதான். டெல்லியில் இருக்கிற அரசாங்கம் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது. அந்தப் பணத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் ஒவ்வொரு நாளும் எந்த வேலையை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று மாதாமாதம் எழுதித் தரச் சொன்னது. களத்தில் இவ்வளவு, ஆய்வுக்கூடத்தில் இவ்வளவு, எழுத்து வேலையில் இவ்வளவு. நியாயமான கேள்விதான். ஆனால் கேள்வியைக் கேட்டவர்களே பதிலையும் அனுமதிக் கடிதத்தில் எழுதி அனுப்பியிருந்தார்கள். களப்பணி நூற்றுக்கு அறுபது என்று கடிதத்தில் இருந்தால் அறுபதுதான் வர வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் விளக்கம் கேட்டு மெயில் வரும். ஆகவே பேராசிரியர் கிருபாகரனின் துறையில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. முதலில் மொத்தத்தை எழுது, அப்புறம் அந்த மொத்தம் வருகிற மாதிரி நாட்களை நிரப்பு. எல்லாருக்கும் சேர்த்து ஜாய்ஸ்தான் நிரப்புவாள். மற்றவர்கள் வந்து கையெழுத்து மட்டும் போடுவார்கள், அதையும் நின்றுகொண்டே. அந்த டைம் ஷீட்டில் எல்லா வேலைக்கும் கட்டம் இருந்தது. டைம் ஷீட் எழுதுகிற வேலைக்கு மட்டும் கட்டம் இல்லை.

உண்மையில் அவள் என்ன வேலை பார்த்தாள்? கல்லூரிக்குத் தரச்சான்று கொடுக்க ஆட்கள் வருகிறார்கள் என்றால் மாதக்கணக்கில் ஃபைல் அடுக்கினாள். தேர்வு ஹாலில் நின்றாள். கிருபாகரனின் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்றபோது ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தாள். அது அந்த மாத ஷீட்டில் ‘மாதிரிகளைப் பகுப்பாய்வு செய்தல்’ என்று போனது. கிருபாகரன் சத்தம் போடுகிற மனிதர் அல்ல. “ஆண்டவர் கிருபையில எல்லாம் நல்லபடியா போகுது, நீ எதையும் போட்டுக் குழப்பாத ஜாய்ஸ்” என்பார். சத்தம் போடுகிறவர்களை எதிர்த்துப் பேசிவிடலாம். இப்படிப் பேசுகிறவரை என்ன செய்வது?

ஒத்தக்கடையில் ஒரு மாடி வீட்டில் அம்மாவோடு வாடகைக்கு இருந்தாள். முப்பத்தாறு வயது. எம்.எஸ்சி. முடித்து, ரத்தம் எடுக்கவும் சோதிக்கவும் தனியாகப் படித்து, ஒரு புராஜெக்ட் முடிந்தால் இன்னொன்று என்று அதே கட்டடத்திலேயே காலத்தை ஓட்டிவிட்டாள். அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒரு டாக்டர் பட்டம். அது இல்லாமல் எந்தக் கல்லூரியிலும் ஆசிரியராக நுழைய முடியாது. அந்தப் பட்டத்துக்கும் வழிகாட்டி கிருபாகரன்தான். கயிற்றின் இரண்டு நுனியும் அவர் கையில் இருந்தன.

புராஜெக்ட் நல்ல புராஜெக்ட். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கரும்பு வெட்டப் போகிற ஆண்களின் சிறுநீரகம் வெயிலிலும் தண்ணீர் குடிக்காத வேலையிலும் எப்படிக் கெடுகிறது என்று பார்ப்பது. அலங்காநல்லூருக்கு வடக்கே ஒரு சின்ன ஊரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வெட்டு நடக்கிற காலத்தில் எடுத்த ரத்தமும் சிறுநீரும் இருந்தன. அதே ஆட்கள் சில நாள் ஓய்வில் இருக்கும்போது எடுத்தவையும் வேண்டும். இரண்டையும் வைத்துப் பார்த்தால்தான் கெடுதல் வேலையால் வந்ததா இல்லையா என்று தெரியும். ஆனால் அந்த ஆட்கள் எப்போது ஓய்வில் இருந்தார்கள்? ஜாய்ஸ் போகும்போதெல்லாம் ஊரில் பெண்களும் ஆடுகளும்தான் இருந்தன. ஆண்கள் வெளியூர் வெட்டுக்குப் போய்விடுவார்கள். பொங்கலுக்கு மட்டும் வீடு வந்து சேருவார்கள், காணும் பொங்கல் முடிந்த மறுநாள் மூட்டையைக் கட்டிவிடுவார்கள்.

“அப்ப காணும் பொங்கலன்னைக்குத்தான் சார் போகணும். அன்னைக்குத்தான் ஓய்வு முழுசா கிடைச்சிருக்கும்” என்றாள்.

“அன்னைக்கு ஜல்லிக்கட்டும்மா. யாரு போவா?” என்றார் கிருபாகரன்.

“நான் போறேன்.”

காணும் பொங்கலன்று விடியற்காலையில் அவளுடைய ஸ்கூட்டியை போலீஸ் அலங்காநல்லூருக்கு ரொம்ப முன்னாலேயே மறித்துவிட்டது. பாஸ் இல்லாமல் விடமாட்டோம் என்றார்கள். ஒரு டீக்கடையில் வண்டியைப் போட்டுவிட்டு, ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கால்வாய்க் கரையோடு நடந்தாள். பெட்டியின் பட்டை தோளை அறுத்தது. வாடிவாசலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்களைக் கிளம்பும் முன்பே பிடித்துக்கொண்டாள். போகாதவர்கள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். விருமாண்டி என்கிற கரும்பு வெட்டுக்காரர் அவளைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஏன் நர்சம்மா, ஊரே மாட்டப் பாக்கப் போயிருக்கு, நீங்க எங்க மூத்திரத்தக் கேட்டு வந்திருக்கீக!”

சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். அவர் நீட்டியதும் மற்றவர்களும் நீட்டினார்கள். படம் எடுக்க மட்டும் விடவில்லை. மூத்திரப் பாட்டிலோடு யார் படம் எடுத்துக்கொள்வார்கள்? சாயங்காலம் வரை சோறு தண்ணீர் மறந்து வேலை பார்த்தாள். திரும்பும்போது பெட்டி நிறைந்திருந்தது, கையில் யாரோ கொடுத்த கரும்பு ஒன்று. அன்று ஜாய்ஸ் சந்தோஷமாக இருந்தாள். அந்தப் புராஜெக்ட்டில் சேர்ந்ததிலிருந்து அப்படி ஒரு நாள் அவளுக்கு வாய்த்ததில்லை.

மாதக் கடைசியில் ஷீட் நிரப்ப உட்கார்ந்தபோது அவள் ஒரு தப்புச் செய்தாள். உண்மையை எழுதினாள். அந்தத் தேதிக்கு நேராக ‘களப்பணி, முழு நாள்’ என்று போட்டாள்.

“அரசு விடுமுறைம்மா அது. நாலு நாள் தள்ளிப் போட்டுக்கயேன்” என்றார் கிருபாகரன்.

“தள்ளிப் போட்டா அவங்கள்லாம் வெட்டுல இருந்த நாளா ஆயிரும் சார். ஆராய்ச்சியே கெட்டுப்போகும்.”

அதோடு, இத்தனை பொய்க்கு நடுவில் ஒரு நாளாவது உள்ளபடி இருக்கட்டும் என்ற வீம்பும் இருந்தது. அந்த வீம்புதான் அவளைக் கவிழ்த்தது.

அடுத்த ஆண்டு கணக்குப் பார்க்க ஒரு குழு வந்தது. தலைவர் கண்ணுச்சாமி, ஓய்வு பெற்ற கணக்கு அதிகாரி, தல்லாகுளத்தில் வீடு. முந்தைய வருஷங்களிலும் இதே புராஜெக்ட்டின் ஷீட்டுகளைப் பார்த்து ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டவர் அவர்தான். கிருபாகரனின் மாமியார் பகுப்பாய்வு செய்யப்பட்டதை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஜெய்சனையும் கண்டுபிடிக்கவில்லை. ஜெய்சன் கிருபாகரனின் கொழுந்தியாள் மகன், களப்பணியாளர் என்று பெயர். களம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் கூகுளைத் திறப்பான். இதன் மேலெல்லாம் வழுக்கிக்கொண்டு போன அந்தக் கண்கள் காணும் பொங்கலில் வந்து நின்றன.

“ஏம்மா, எனக்குச் சொந்த ஊரு பாலமேட்டுப் பக்கந்தான். அன்னைக்கு அந்த ரோட்டுல பஸ்ஸு கிடையாது, காரு கிடையாது. சனம் பூராவும் வாடிவாசல்ல நிக்கும். நீங்க யாருகிட்ட போயி ரத்தம் எடுத்தீக? மாட்டுக்கிட்டயா?”

குழு சிரித்தது. கிருபாகரனும் சிரித்தார். அவர் சிரித்ததைத்தான் ஜாய்ஸால் தாங்க முடியவில்லை.

“நடந்து போனேன் சார். கால்வாக் கரையோட.”

“டைப்பிங் மிஸ்டேக்கா இருக்கும். அந்த ஒரு நாளை எடுத்துருவோம் சார்” என்றார் கிருபாகரன், அவள் பக்கம் திரும்பாமலே.

அந்த ஒரு நாளை எடுத்துவிட்டால் அந்தப் பெட்டி முழுவதும் வெறும் தண்ணீர். அவளுடைய பட்டமும் அதோடு போயிற்று.

“அந்த ஒரு நாள்தான் சார் நெசம். மத்ததெல்லாம் நான் இங்கன உக்காந்து இட்டுக்கட்டி எழுதுனது. எல்லாருக்கும் நான்தான் எழுதுனேன்.”

கண்ணுச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். மற்றதெல்லாம் பொய் என்றால், அந்தப் பொய்க்கெல்லாம் கீழே இருப்பது அவருடைய கையெழுத்து.

“நீங்க இப்ப சொன்னது எங்க யாரு காதுலயும் விழல. வெளங்குதா? அந்தத் தேதிக்கு மட்டும் ஆதாரம் குடுங்க. இல்லாட்டி அத எடுத்துட்டு வேற ஷீட் குடுங்க. ஒரு வாரம் டைம்.”

குழு போன பிறகு கிருபாகரன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அப்போதும் சத்தம் போடவில்லை.

“பாட்டில் மேல தேதி எழுதுனது யாரு? நீ. ஒப்புதல் ஃபாரத்துல தேதி போட்டது யாரு? நீ. உன் கையெழுத்தெல்லாம் பொய்னு அத்தன பேரு முன்னால நீயே சொல்லிட்ட. இனி எவன் நம்புவான் ஜாய்ஸ்?”

விருமாண்டியைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்றால் அவர் எந்த ஊர் வெட்டில் இருந்தாரோ. கிருபாகரன் சொன்னது சரியாக இருந்தது, அதுதான் கொடுமை.

காப்பாற்ற வந்தவன் ஜெய்சன். நிஜமாகவே உதவி செய்கிறோம் என்றுதான் நினைத்தான். அவன் மனதில் விஷம் கிடையாது. விஷம் இருந்திருந்தால் அவளால் திட்டவாவது முடிந்திருக்கும்.

“அக்கா, அன்னைக்கு நான் அலங்காநல்லூர்லதான் இருந்தேன். கேலரி பாஸ் கிடைச்சுச்சு. போட்டோ இருக்கு, லொக்கேஷனோட, நேரத்தோட. வண்டி பாஸ்கூட இருக்குக்கா.”

கிருபாகரன் போட்டோவைப் பார்த்தார். தொப்பி வைத்த ஜெய்சன், பின்னால் திமிலோடு ஒரு காளை. காளையை வெட்டிவிடச் சொன்னார். மறுநாள் புதிய ஷீட்டுகள் தயாராயின. அந்தத் தேதியில் ஜெய்சனுக்குக் களப்பணி, முழு நாள். ஜாய்ஸுக்கு விடுமுறை. அவற்றையும் தட்டச்சு செய்தது ஜாய்ஸ்தான், அது அவள் வேலைதானே.

“ரத்தம் அப்படியே இருக்கு, தேதி அப்படியே இருக்கு, உன் தீசிஸும் அப்படியே இருக்கு. பேரு ஒண்ணுதான் மாறுது. இதுல உனக்கு என்ன நஷ்டம்?” என்றார் கிருபாகரன்.

ஜாய்ஸ் கையெழுத்துப் போட்டாள். போட்டிருக்கக் கூடாது என்று மாதச் சம்பளம் ஒழுங்காக வருகிறவர்கள் சொல்லலாம். அவள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. கண்ணுச்சாமி போட்டோவைப் பார்த்ததும், “இது சரியா இருக்கு. தம்பி ஊருலதான் இருந்திருக்காரு” என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார். தோளில் பெட்டியோடு நடந்து போனவளை நம்ப மறுத்த மனிதர், கேலரியில் உட்கார்ந்திருந்தவனை நம்பிவிட்டார்.

தீசிஸ் எழுதி முடிக்க இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. வாய்மொழித் தேர்வன்று துறை ஹால் நிறைந்திருந்தது. டீயும் சமோசாவும் உண்டு என்றால் நிறையத்தான் செய்யும். புதுப் பட்டுப் புடவையில் ஜாய்ஸ் திரைக்குப் பக்கத்தில் நின்று பேசினாள். நன்றாகவே பேசினாள். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஓர் அம்மாள், தீசிஸை வரி விடாமல் படித்திருந்தார். கேள்விகளை முடித்துவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு சொன்னார்.

“ஓய்வு நாள்ல எடுத்த ரத்தம்தான் இந்த ஆய்வோட உயிரே. அதுக்குக் காணும் பொங்கலன்னைக்கு, ஜல்லிக்கட்டு நடக்கிற ஊர்ப் பக்கம் போகணும்னு நினைச்சிருக்கீங்களே! முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு களப்பணியை நான் பார்த்ததில்லை. போனது யாரு?”

ஜாய்ஸ் வாயைத் திறந்தாள்.

“நம்ம ஜெய்சன்தான் மேடம்” என்றார் முன் வரிசையில் இருந்த கிருபாகரன். “எந்திரிப்பா, ஜெய்சன்.”

பின்வரிசையில் சமோசாவைத் தின்றுகொண்டிருந்த ஜெய்சன், வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கூச்சத்தோடு கும்பிட்டான். ஹால் முழுக்கக் கைதட்டியது. தேர்வாளர் அம்மாளும் தட்டினார். தட்டிக்கொண்டே, நீயும் தட்டு என்பது போல ஜாய்ஸைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஜாய்ஸ் கையிலிருந்த பாயிண்டரை மேசைமேல் வைத்துவிட்டு, கை தட்டினாள்.