மாரீஸ்வரியின் மாத்திரைகள்

1. முதல் நாள்

மழை பெய்த கரிசல் பாதையில் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று நர்ஸ் டிரெயினிங்கில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஐப்பசியில், கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் சேரப் போய்க்கொண்டிருந்தேன். பாதி வழியில் மட்கார்டுக்குள் மண் அடைத்துச் சக்கரம் நின்றுவிட்டது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். செருப்பில் மண் அப்பி, ஊருக்குள் நுழையும்போது நாலு விரற்கடை வளர்ந்திருந்தேன்.

என்னைப் பார்த்து ஒரு பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“நர்ஸம்மா, சைக்கிள் உங்களச் சுமக்கணுமா, நீங்க சைக்கிளச் சுமக்கணுமா?”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவளுக்குச் சிரிக்கச் சிரிக்க மூச்சு வாங்கியது, சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து மாத வயிறு. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை, சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

அவள் பெயர் மாரீஸ்வரி. தீப்பெட்டி ஆபீஸில், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையில், தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்குகிறவள். முந்தைய பிரசவங்களைப் பற்றிக் கேட்டேன். அதுவரை சிரித்த முகம் சட்டென்று மாறியது.

“ரெண்டு பெத்தேன். ஒண்ணு ஆறு நாள் இருந்துச்சு. இன்னொண்ணு ஒரு மாசம்.”

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். ஹெச்.பி., அதாவது ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு, ஏழு புள்ளி இரண்டு; பதினொன்றாவது இருக்க வேண்டும். டாக்டரம்மா கார்டில் சிவப்பு மையால் வட்டம் போட்டார். “அம்மாவுக்கு ரத்தம் இல்லன்னா பிள்ளை எடை இல்லாமப் பிறக்கும், நாள் குறைஞ்சும் பிறக்கும். அப்புறம் ஒரு சளியைக்கூடத் தாங்காது. ஜெயராணி, இவங்க உங்க பொறுப்பு” என்று என்னிடம் சொன்னார். பூச்சி மாத்திரையும் ஒரு மாதத்துக்கு இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தோம்.

2. ஏறாத ரத்தம்

கார்த்திகையில் மறுபடி பார்த்தால் ஏழு புள்ளி ஒன்று. அவள் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன், மாத்திரை அட்டை சுத்தமாகக் காலி. கேட்டபோது மாரீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். மருந்தே மோசமோ என்று சந்தேகப்பட்டேன்.

வெளியே வந்தேன். அவளுடைய மாமியார் பேச்சியம்மாள் இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடமாக விறுவிறுவென்று வந்தார். போன மாதம் நாலு எட்டு வைத்தால் உட்கார்ந்துவிடுகிறவர். குடங்களை இறக்கிவிட்டு என் காதருகே வந்தார்.

“நர்ஸம்மா, ஒரு சங்கதி. நான் வெளிக்கிப் போனா கறுப்பாப் போகுது. ஏதும் கெட்ட சீக்கா இருக்குமோ?”

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அப்படிப் போகும். ஒரு நிமிடம் அவரையே பார்த்தேன். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன்.

“மருமகளுக்குக் குடுத்த மாத்திரைய நீங்களா முழுங்குனீங்க?”

“பின்ன? அதத் தின்னா பிள்ள பெருத்துரும், பிரசவத்துல இவ செத்துருவான்னு ஊர்ல சொல்லுதாவ. சர்க்கார் மருந்தத் தூரப் போடவும் மனசு வரல. தின்னு பாத்தேன். நல்லாத்தான் இருக்கு!”

வாசலில் நின்ற மாரீஸ்வரியும் சிரித்தாள். மூவரும் சிரித்து ஓய்ந்ததும் கேட்டேன்: “முந்தின ரெண்டு பிள்ளையும் பெருசாவா பொறந்துச்சு?”

பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “இல்லம்மா. எலிக்குஞ்சு மாதிரி இருந்துச்சுவ. கையில ஏந்துனா கனமே தெரியல.”

“இவ ஒடம்புல ரத்தம் இருந்தாத்தான பிள்ளைக்குப் போகும்?”

அவர் வாயிலிருந்து முந்தானையை எடுத்தார். பிறகு, “ஏட்டி, இங்கன வா” என்று மருமகளை அழைத்து, என் பையிலிருந்த புது அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்து அவள் வாயில் போட்டு, விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். நான் கிளம்பும்போது மெதுவாகக் கேட்டார்: “எனக்கும் ஒரு அட்ட கெடைக்குமா?”

அவரையும் சோதித்தோம். பாவம், அவருக்கும் ரத்தம் குறைவுதான். தனி அட்டை வந்தது.

அதன் பிறகு எனக்கு வேலையே இல்லை. தினமும் மத்தியானம் தீப்பெட்டி ஆபீஸ் கேட்டில் முருங்கைக்கீரைச் சோறும் மாத்திரையுமாகப் பேச்சியம்மாள் நின்றார். “என்ன மதினி, போலீஸ் டூட்டியா?” என்று மற்ற பெண்கள் கேலி செய்வார்கள். “ஆமா, நீயும் வாயத் தொற” என்பார். தையில் ஹெச்.பி. பத்தைத் தொட்டது.

3. தராசு

மாசியில் ஒரு பகல் பதினோரு மணிக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாரீஸ்வரிக்குப் பெண் பிறந்தது. ஊரையே கூட்டுகிற மாதிரி அழுதது. தராசில் வைத்தேன்: இரண்டு கிலோ எழுநூற்று ஐம்பது. நம்பாமல் இறக்கி, முள்ளைச் சரிபார்த்து, மறுபடி வைத்தேன். அதே எடை. மூன்றாவது முறை எடை போட்டபோது டாக்டரம்மா அதட்டினார்.

“ஜெயராணி, நகைக் கடையா இது? பிள்ளைய அம்மாகிட்ட குடுங்க!”

கொடுத்துவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன். பேச்சியம்மாள் என் இரண்டு கையையும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். யூனிபார்மோடு நானும் சுற்றினேன். “இனிமே இவியளுக்கும் ஒரு பெட் போடணும் போல” என்று ஆஸ்பத்திரி ஆயா தலையில் அடித்துக்கொண்டார்.

இப்போது புதிதாக நர்ஸ் வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளையைக் காப்பாற்றும் வேலை தாயின் உடம்பில் தொடங்குகிறது. மாத்திரை கொடுத்ததோடு கணக்கு முடியாது. அது யார் வயிற்றுக்குப் போகிறது என்று பாருங்கள். தடுக்கிறவர்களைத் திட்டாதீர்கள், எதற்குப் பயப்படுகிறார்கள் என்று கேளுங்கள்.

அந்தப் பிள்ளையின் மூன்றாம் மாதத் தடுப்பூசிக்கு மாரீஸ்வரி வந்தாள். பிள்ளை ஐந்து கிலோவைத் தாண்டியிருந்தது. கார்டை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு, மூலையில் இருந்த பெரியவர்கள் எடை மிஷினில் தானாகவே ஏறி நின்றாள்.

“இவள மட்டும் பாத்தா ஆச்சா, நர்ஸம்மா? என்னையும் எழுதுங்க.”