பேய்ப் படத்துக்குத் தனியாகப் போனவள்

"அந்தாளு சாவல. வயித்தைப் பாருங்க, ஏறி ஏறி எறங்குது."

அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பேச்சு இதுதான். ஞாயிற்றுக்கிழமை மேட்னி. எழுபதுகளில் நான் காரைக்காலில் ஒரு சினிமாக் கொட்டகையில் கேட்டில் நின்றேன். டிக்கெட்டைக் கிழிப்பது, டார்ச் அடித்து இடம் காட்டுவது, சத்தம் போடுகிறவனை அடக்குவது, அவ்வளவுதான் வேலை. அன்றைக்குத் திரையில் கதாநாயகனின் தம்பி மலையிலிருந்து விழுந்து செத்துக் கிடக்கிறான். கொட்டகையே மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறது. அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து இந்தக் குரல். தரை டிக்கெட் முழுக்கச் சிரிப்பு. அழ வேண்டிய இடத்தில் ஜனம் சிரித்தால் மேனேஜர் எங்களைத்தான் கேட்பார். டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், பேசாமல் படம் பார்க்கச் சொன்னேன். அவள் அசையவில்லை. "பொய்யா சொன்னேன்? நீங்களே திரும்பிப் பாருங்க" என்றாள். திரும்பிப் பார்த்தேன். வயிறு ஏறி இறங்கியது. அந்தக் கொட்டகையில் அதற்குள் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ஒரு படத்தையும் நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. ஜனத்தைப் பார்ப்பதுதான் என் வேலை, திரை எனக்கு முதுகுப் பக்கம். அன்றைக்குத்தான் திரும்பினேன்.

அவள் அம்பகரத்தூர்க்காரி. காரைக்கால் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, பஸ்ஸில் வந்து போவாள். பெண்கள் வார்டில் யாராவது இறந்துபோனால் கண்ணை மூடிவிடுவது, தாடைக்குத் துணி கட்டுவது, உடம்பைத் துடைத்து அனுப்புவது எல்லாம் அவள் கைதான். அதனால் சாகிற மாதிரி நடிக்கிறவன் அவளை ஏமாற்ற முடியாது. மறு வருஷம் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. எப்படி ஆனது என்பது இங்கே வேண்டாம்.

அவளுக்குக் காதல் படம், குடும்பப் படம் பிடிக்காது. அழுகையை ஆஸ்பத்திரியிலேயே பார்க்கிறேன் என்பாள். பேய்ப் படம், காட்டுப் படம், கப்பல் படம், மலை ஏறுகிற படம் என்றால் முதல் நாளே வந்துவிடுவாள். ஊரில் அப்போது நடிகர்களுக்கு இரண்டு கட்சி இருந்தது. யார் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் இரண்டிலும் இல்லை, இரண்டு கட்சியிலும் அவளைத் திட்டுவார்கள். "மூணு நாளா காட்டுல அலையுறான், வேட்டி பொட்டிக்கடைக்காரர் வேட்டியாட்டம் வெள்ளையா இருக்கு. புலியோட சண்ட போட்டுட்டு வந்து தலைய வாரிக்கிட்டுப் பாடுறான்" என்பாள். கதாநாயகனுக்குப் பதிலாக முகத்தைக் காட்டாமல் ஒருவன் அருவியில் குதிப்பான் அல்லவா, அவனுக்கு மட்டும் கை தட்டுவாள். யாரும் தட்டாத இடத்தில் ஒரு ஜோடிக் கை தட்டும். அவள் வந்திருக்கிறாள் என்று கேட்டில் இருந்தபடியே தெரிந்துகொள்வேன். இங்கிலீஷ் படத்தில் ஒருவன் பனிமலையில் கயிறு பிடித்துத் தொங்கினான். பேச்சு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து, "அவன் வெரலு மடங்கல பாத்தீங்களா? வெறைச்ச கை அப்படித்தான் இருக்கும். அவன் நடிகன்" என்றாள். அதிலிருந்து நானும் நடிகர்களின் முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

பேய்களைப் பற்றி அவளுக்குப் பெரிய மரியாதை இல்லை. பேய்க்கு எதற்குக் கொலுசு, தலையை விரித்துப் போட்டால் வழி எப்படித் தெரியும் என்று கேட்பாள். எங்கள் தெருவில் அவளையே பேய் என்றவர்கள் உண்டு. பிணத்தைத் தொடுகிற கை என்று விசேஷ வீட்டில் அவளிடம் குங்குமச் சிமிழை நீட்ட மாட்டார்கள். "பொணத்தையும் கழுவுற, பேய்ப் படத்தையும் பாக்குற, உனக்குப் பயமே இல்லியாடி?" என்று பக்கத்து வீட்டு அம்மாள் ஒருநாள் கேட்டாள். "பேயுருவத்தக் கேட்டு வாங்குன அம்மையாருக்கு மாம்பழம் எறைக்கிற ஊருல இருந்துக்கிட்டு, பேயப் பாத்தா பயப்படுவாங்க?" என்று இவள் திருப்பிக் கேட்டாள். அந்த அம்மாள் உள்ளே போய்விட்டாள்.

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, எங்கள் கொட்டகைக்கு ஒரு பேய்ப் படம் வந்தது. முதல் மூன்று நாள் கூட்டம் சுமார். மேனேஜர் ஒரு யோசனை செய்தார். காலைக் காட்சியில் ஒரே ஒரு ஆள், தனியாக உட்கார்ந்து முழுப் படத்தையும் பயப்படாமல் பார்த்தால் சுவர்க் கடிகாரம் பரிசு. கடிகாரத்தை வாசலில் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். ரிக்‌ஷாவில் மைக் கட்டி ஊர் முழுக்கச் சொன்னார்கள். ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. காற்றாடிகளை நிறுத்திவிடுவார்கள். திரைக்குப் பின்னால் காலி எண்ணெய்த் தகரத்தோடு ஒருவன் நிற்பான். கதவு தானாகத் திறக்கிற இடத்தில் இரண்டு அடி, சுடுகாட்டில் பிணங்கள் எழுந்திருக்கிற இடத்தில் விடாமல் ஏழெட்டு அடி. அந்த ஒருவன் நான்.

முதலில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஒருவர் வந்தார். சண்டைக்கெல்லாம் போனவர். அரை மணி நேரத்தில், "ஒண்ணுக்கு வருது" என்று வெளியே போனவர் திரும்பவில்லை. அடுத்து பட்டினச்சேரிக்காரர். கட்டுமரத்தில் போகிறவர், கை ஒவ்வொன்றும் துடுப்பு மாதிரி இருக்கும். என் இரண்டாவது அடிக்கு எழுந்து ஓடினார். ஒரு செருப்பு உள்ளேயே கிடந்தது. "உள்ள என்னமோ இருக்குய்யா, படத்துல இல்ல, கொட்டாயில இருக்கு" என்று வாசலில் நின்று எல்லோரிடமும் சொன்னார். அன்றைக்கு மேட்னி நிரம்பியது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

செருப்புக் கதையைக் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரி நேராக மேனேஜரிடம் வந்து, "நான் உக்காருறேங்க" என்றாள். தகரத்தைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை. வேலை விஷயம். மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்தா பாருய்யா, பொம்பள அலறிக்கிட்டு ஓடியாந்தா படம் இன்னும் ரெண்டு வாரம் நிக்கும். சிரிச்சுக்கிட்டு வந்தா அன்னிக்கே படுத்துரும். ஒன் அடியிலதான் இருக்கு. அவ பாட்டுக்கு முழுசும் பாத்துட்டு வந்தா, மறுநாள் கேட்டுல வேற ஆளு நிப்பான்."

சரிங்க என்றேன். வேறு என்ன சொல்வது? கேட் வேலை என்றால் நிழல், நாற்காலி, நாலு பேர் வணக்கம் சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு அது பெரிய இடம்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. ராத்திரி டூட்டி முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே வந்தாள். தொடர்ந்து இரண்டாவது ராத்திரி. அன்றைக்கு விடியற்காலையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி போய்விட்டாளாம். அவளைத் துடைத்து, தலை வாரிவிட்டு அனுப்பியிருக்கிறாள். என்னிடம் அதை மட்டும் சொன்னாள். பிறகு, "நாற்காலி கிளாசுல உக்காரலாமா?" என்று மேனேஜரைக் கேட்டாள். "ஒன் இஷ்டம்மா, கொட்டாயே ஒன்னதுதான்" என்றார். அதுவரை அவள் பெஞ்சைத் தாண்டியதில்லை. நடுவில் ஒரு மெத்தை நாற்காலியைத் தட்டிப் பார்த்து உட்கார்ந்தாள். வெளியே கேட்டுக்கு முன்னால் அரைத் தெரு நின்றது. குங்குமச் சிமிழ் நீட்டாத பக்கத்து வீட்டு அம்மாளும் இருந்தாள்.

திரைக்குப் பின்னால் நின்றால் படம் இடம் வலம் மாறித் தெரியும். திரையில் பொடிப் பொடியாய் ஓட்டைகள் இருக்கும். கண்ணை ஒட்டி வைத்தால் கொட்டகைக்குள்ளும் மங்கலாகத் தெரியும். கதவு திறக்கிற இடம் வந்தது. அடித்தேன். இரண்டு அடி, கொஞ்சம் நிறுத்தி இன்னொன்று. காலிக் கொட்டகை அதிர்ந்தது.

"ஏங்க, நீங்களா?" என்று அவள் குரல் வந்தது. "புளிச்சோறு வச்சேனே, சாப்புட்டீங்களா?"

மேலே ஆப்பரேட்டர் சிரிப்பது கேட்டது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று பிறகு கேட்டேன். வீட்டுக் கதவை நான் அப்படித்தான் தட்டுவேனாம். மேனேஜர் பின்பக்கம் ஓடிவந்து, "தட்டாதய்யா, ஓங்கி அடி. சுடுகாட்டு சீன்ல விட்டுறாத" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார்.

இடைவேளை முடிந்து சுடுகாடு வந்தது. கட்டையை ஓங்கினேன். அடிப்பதற்கு முன் ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். அவள் தலை தோள்மேல் சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கை இரண்டும் மடியில் மல்லாந்து கிடந்தன. திரையிலிருந்து வெளிச்சம் அவள்மேல் மாறி மாறி விழுந்தது, அது அவளை ஒன்றும் செய்யவில்லை. வீட்டில்கூட அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. வீட்டில் கூப்பிட்ட குரலுக்கு எழுந்துவிடுவாள். இப்போது அடித்தால் பதறி எழுந்திருப்பாள், நிச்சயம் கத்துவாள். மேனேஜர் கேட்டதும் அதுதான். என் இடமும் நிலைக்கும். பிணங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. நான் தகரத்தைக் கீழே வைத்தேன். சத்தம் வராமல் வைத்தேன்.

படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள். அப்போதும் அவள் எழுந்திருக்கவில்லை. மேனேஜர் பார்த்தார். ஒரு நொடி யோசித்தார். அவர் லேசுப்பட்ட ஆளில்லை. நேராகப் போய்க் கதவைத் திறந்து, "மயக்கம் போட்டுட்டாங்க! தண்ணி, தண்ணி!" என்று கத்தினார். ஜனம் முட்டிக்கொண்டு உள்ளே வந்தது. யாரோ சோடாவை உடைத்து அவள் முகத்தில் அடித்தார்கள்.

"யாருய்யா அது, மூஞ்சில சோடாவ ஊத்துறது?" என்று எழுந்து உட்கார்ந்தாள்.

மேனேஜர் அவள் பக்கத்தில் குனிந்தார். நான் அருகில் நின்றதால் எனக்கும் கேட்டது. "மயக்கம்னு ஒரு வார்த்த சொல்லும்மா. கடியாரம் ஒனக்குத்தான். ஒன் வீட்டுக்காரன் வேலையும் அதுலதான் இருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். என் வேலை அதில் மாட்டியிருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரியும். முகத்திலிருந்து சோடா வழிந்துகொண்டிருந்தது. எனக்குப் பேச்சு அதிகம் வராது. "ஒனக்கு எது நெசமோ அதச் சொல்லு" என்றேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "மயக்கமெல்லாம் இல்ல. நல்லாத் தூங்கிட்டேன்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

கொட்டகை வெடித்துச் சிரித்தது. பேய் வந்ததா, பயமாக இருந்ததா என்று பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "புழுக்கமா இருந்துச்சு" என்றாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். பேயாக வந்தவளுக்கு நடக்கத் தெரியவில்லை, பாவாடை தடுக்குமோ என்று பார்த்துப் பார்த்துக் கால் வைக்கிறாள். செத்த ஜமீன்தாருக்கு இமை ஆடுகிறது. "ஆனா அந்தச் சமையக்காரக் கெழவியா ஒருத்தி வர்றா பாருங்க. கூப்புடுவாங்களோன்னு கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. யாரும் கூப்புடல. எங்க வார்டுல அப்படி நெறைய பேரு. அவ வந்தா மட்டும் கண்ண எடுக்காம பாத்தேன். அவ நடிகை. அவளுக்காக ஒருதரம் பாக்கலாம்." சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மேனேஜர், ஜனம் பார்க்கிறதே என்று, கடிகாரத்தை எடுத்து நீட்டினார். "முழுசா பாத்தாத்தானுங்க பரிசு? நான் பாக்கலியே" என்று திருப்பிவிட்டாள். அந்தக் கடிகாரம் கடைசிவரை மேனேஜர் அறையில்தான் ஓடியது.

மறுநாள் என்னைச் சைக்கிள் ஸ்டாண்டுக்கு மாற்றினார்கள். மேலே கூரை கிடையாது. அன்றைக்குச் சாப்பிடும்போது அவள் கேட்டாள். "உங்க வேலைய இதுல வச்சிருக்காருன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கத்தியிருப்பியா?"

"கத்தியிருக்க மாட்டேன்" என்றாள். மோரை ஊற்றிவிட்டு, "தூங்காம பாத்திருப்பேன்" என்றாள். அடுத்த நாள் ஒரு பெரிய குடை வாங்கிக் கொடுத்தாள்.

அந்தப் படம் படுக்கவில்லை. பெரிதாக ஓடவும் இல்லை. ஆனால் பெண்கள் கூட்டம் மட்டும் குறையவில்லை, கிழவியைப் பார்க்க வந்தார்கள். அதற்குப் பிறகு புதுப் படம் வந்தால் வெள்ளிக்கிழமை என் சைக்கிள் ஸ்டாண்டில் பெண்கள் நிற்பார்கள். "அண்ணே, அண்ணி பாத்துட்டாங்களா? என்ன சொன்னாங்க?" என்பார்கள். அவள் சொன்னதை நான் அப்படியே சொல்லுவேன், கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். பக்கத்து வீட்டு அம்மாள் படம் எப்படி என்று வீட்டுக்கே கேட்க வந்த அன்றைக்கு இவள் வாசலிலேயே நிறுத்திப் பதில் சொல்லியிருக்கலாம். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் சொன்னாள். இரண்டு வருஷம் கழித்து வேறு மேனேஜர் வந்தார். என்னைக் கேட்டுக்குக் கூப்பிட்டார். நான் ஸ்டாண்டே போதும் என்றேன்.

இப்போது அந்தக் கொட்டகை கல்யாண மண்டபம். சமீபத்தில் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு பேரும் போயிருந்தோம். ஆஸ்பத்திரி வேலை முடிந்து அவளுக்கும் வெகு காலம் ஆகிவிட்டது. பந்தியில் எதிரே உட்கார்ந்த பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்த முகமாக இருக்கிறதே, இங்கே கொட்டகையில் மேனேஜராக இருந்தீர்களா என்று கேட்டார்.

"இல்லீங்க. பேய்ப் படத்துல தூங்குனாங்கள்ல, அவங்க வீட்டுக்காரரு" என்றேன்.

அவர் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அட, அவங்களா! படம் பூராத் தூங்குனாங்களாமே!" என்றார்.

என் பக்கத்தில் இவள் ரசத்துக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"பூராத் தூங்கலீங்க" என்றாள். "இடைவேளைக்கப்பறம்தான். மொதப் பாதி முழுசா பாத்தேன்."