பின்பக்கத்து ஸ்பிரிங்

பட்டறைக்காரர் தம்பிக்குப் பதினோராயிரம் பாக்கி. வெல்டிங் மிஷின் ரிப்பேருக்கு என்று வாங்கிய காசு அது. தம்பி அதை ரிமோட் கார் பந்தயத்துக்குப் புது வண்டி வாங்கச் சேர்த்து வைத்திருந்தான். திருப்பிக் கேட்கும்போதெல்லாம், "பொம்மைக் காசுதானேடா, எங்க ஓடிடப் போகுது" என்று அண்ணன் சிரித்தே அனுப்பிவிடுவார். காசு எங்கும் ஓடவில்லை. தம்பிதான் போய்விட்டான், ஒரு நாள் காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தபோது.

ஒரு மாதம் கழித்துத் தம்பி மகளிடம் பணத்தை ஓர் உறையில் போட்டு நீட்டினார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. வாங்க மறுத்துவிட்டாள்.

"பொம்மைக் காசுன்னு அப்பாகிட்ட சொன்னீங்களே பெரியப்பா, அப்படிக் குடுக்கிறது எனக்கு வேணாம். அப்பாவோட பழைய வண்டிய நான் பந்தயத்துல ஓட்டுறேன், ஒரு நாள் வந்து பாருங்க. அதுக்கப்புறமும் பொம்மைன்னு தோணுச்சுன்னா நீங்களே வச்சுக்கங்க."

கடன்காரன் என்று அவரை ஒருவனும் சொன்னதில்லை. இப்போது அந்த உறை சட்டைப் பையில் கல்லாய்க் கனத்தது.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அவர். இருபது டன் ஏற்றிய லாரி பின்னால் தொய்ந்து வந்தால், படித்தவன் கணக்குப் போட்டு முடிப்பதற்குள், சுத்தியலால் தட்டிக் கேட்டே எந்த ஸ்பிரிங் பட்டை செத்தது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவருக்கு முழங்கை நீள வண்டி எம்மாத்திரம்?

பந்தயம் ஒரு கிடங்குக்குப் பின்னால் இருந்த மண் திடலில். மொத்தம் மூன்று ஓட்டம். ரிமோட் தம்பி மகள் கையில். தம்பியின் பழைய வண்டி முதல் ஓட்டத்தில் மண் மேட்டிலிருந்து தாவியது. வால் தூக்கி, மூக்குக் குத்தி, மல்லாந்தது.

"பின்பக்க ஸ்பிரிங் வலு பத்தல. குடு இங்க" என்றார்.

அவள் தயங்கித்தான் கொடுத்தாள். சுண்டுவிரல் பருமன் ஷாக் அப்சார்பர் இரண்டு. பெட்டியில் இருந்ததிலேயே கெட்டியான ஸ்பிரிங்கைப் போட்டு, அதை அழுத்திப் பிடிக்கும் மேல் வளையத்தைக் கடைசி வரை இறுக்கினார்.

இரண்டாவது ஓட்டத்தில் கழுதை உதைத்ததுபோல வால் எகிறியது. மூன்று முறை கவிழ்ந்தது.

பக்கத்து மேசையில் முடிதிருத்துபவர் ஒருவர் தன் வண்டிக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தார். "என்னண்ணே, செங்கல் லோடு ஏத்தப் போறீங்களா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பட்டறைக்காரர் சிரிக்கவில்லை. தம்பி வண்டிக்கு இன்னும் ஒரே ஓட்டம்தான் மிச்சம்.

வாழ்நாளில் யாரிடமும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னார்.

"எனக்குப் பிடிபடல மா. நீயே சொல்லு."

அவள் வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து மேசைமேல் போட்டாள். இரண்டு தரம் எகிறி நின்றது.

"லாரி பாரம் தாங்கணும் பெரியப்பா. இதுமேல என்ன பாரம் இருக்கு? ஒரே ஒரு பேட்டரி. விழுந்த இடத்துல எகிறாம உக்காரணும். அவ்வளவுதான்."

மெத்தென்ற ஸ்பிரிங்கை மாட்டி வளையத்தைத் தளர்த்தினாள். அவர் பின்பக்கத்தின் இரண்டு ஓரத்தையும் விரலால் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு விட்டுப் பார்த்தார்.

"இடது பக்கம் சீக்கிரம் எழும்புது. உள்ள காத்து இருக்கு."

"நேத்துதான் ஷாக்குக்குள்ள எண்ணெய் மாத்துனேன்."

"தெறந்து பாரு."

திறந்தாள். எண்ணெயில் ஒரு குமிழி, கடுகளவு. இரண்டிலும் பழைய எண்ணெயைக் கொட்டிவிட்டு, ஊசி கழற்றிய சிரிஞ்சால் சற்றுக் கெட்டியான எண்ணெயை விட்டாள். குமிழி ஒவ்வொன்றாக மேலே வந்து உடையும் வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி மேசைமேல் போட்டபோது, வண்டி விழுந்தது, உட்கார்ந்தது.

மூன்றாவது ஓட்டம் ஐந்து நிமிடம். ஒவ்வொரு தாவலுக்கும் அவர் மூச்சைப் பிடித்தார். மதிலிலிருந்து இறங்கும் பூனைபோல வண்டி நாலு காலில் இறங்கியது. ஒரு முறைகூடக் கவிழவில்லை. நாலாவதாக வந்தது. நாலாவதுக்குக் கோப்பை கிடையாது.

"பொம்மை பரவாயில்லையே அண்ணே" என்றார் முடிதிருத்துபவர்.

"பொம்மை இல்லப்பா. பந்தய வண்டி. என் தம்பி ஓட்டுனது."

வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கையிலிருந்த மண்ணை உடுப்பில் துடைத்துவிட்டு, உள்ளங்கையை விரித்து நீட்டினாள். அவர் உறையைப் பிரித்து, பட்டறையில் கூலி கொடுக்கும்போது எண்ணுவதுபோல வாய்விட்டு, ஒன்று, இரண்டு என்று ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை அதில் வைத்தார். பதினேழில் எண்ணிக்கை நின்றது. மறுபடி பதினேழு என்று சொல்லித் தொடர்ந்து, இருபத்திரண்டாவது நோட்டையும் வைத்தார்.