பெட்டியை விட்டு இறங்க மறுத்த வருஷம்

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷத்தில், காஜா பேராங் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் மட்டும் வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. காரில் நான் பெட்டி மேல் உட்காருவதை எப்போது நிறுத்துவது என்பதுதான் அது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அப்பா ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். புண்ணுக்குக் கட்டுப் போடுவார், ஊசி போடுவார், மருந்து கலந்து கொடுப்பார். எனக்கு ஆறு வயதாக இருந்தபோது, சொந்த ஊருக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துத் துரையின் பழைய கறுப்புக் காரை வாங்கினார். முதல் முறை அதில் கிளேபாங் கடற்கரைக்குப் போனோம். வயதுக்கு நான் ரொம்பக் குள்ளம். பின் சீட்டில் உட்கார்ந்தால் ஜன்னலில் வானமும் தென்னை மர உச்சிகளும்தான் தெரியும். தென்னை மர உச்சிகள் வரிசையாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டே போனதில் தலை சுற்றி, கடல் வருவதற்குள் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது. திரும்பி வரும்போதும் அப்படியே.

மறுநாள் அப்பா தமிழ் முஸ்லிமான நானாவின் மளிகைக் கடையிலிருந்து பால் டின் அடுக்கி வரும் மரப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். உயரத்தில் பாதியை ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டு, விளிம்பையெல்லாம் உப்புக் காகிதத்தால் தேய்த்தார். அம்மா பழைய திரைச்சீலையில் உறை தைத்து, இலவம் பஞ்சு அடைத்து மேலே வைத்தாள். பின் சீட்டின் இடது ஓரத்தில் பெட்டியை வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். நான் ஏறி உட்கார்ந்தேன். ரோடு தெரிந்தது, கடை தெரிந்தது, ஆட்கள் தெரிந்தார்கள். வாந்தி அதோடு நின்றது.

அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு அந்தப் பெட்டி மேல் கிறுக்குப் பிடித்துவிட்டது. எங்கள் பக்கத்தில் கார் வைத்திருந்தவர்களே ஓரிருவர்தான். அதிலும் மெத்தை போட்ட பெட்டி மேல் நிமிர்ந்து உட்கார்ந்து போகிற பிள்ளை நான் ஒருத்திதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடந்து போவதைப் பார்த்தால் கையை மெதுவாக ஆட்டுவேன். ரொம்ப ஆட்டினால் மதிப்பில்லை என்று எனக்கே ஓர் எண்ணம்.

மூன்று வருஷம் இப்படிப் போனது. இதற்குள் தங்கைக்கு ஆறு வயதாகிவிட்டது. முன்னால் அம்மா மடியில் உட்கார்ந்து வந்தவளை, கால் மரத்துப்போகிறது என்று அம்மா பின்னால் அனுப்பினாள். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவள் புகார் செய்தாள்.

"அப்பா, நான் மேகம் மட்டும்தான் பாக்குறேன். அக்கா எல்லாத்தையும் பாக்குறா."

"நீ வளந்ததும் பாக்கலாம்," என்றேன் நான்.

"நீ வளந்துட்டியே. எறங்கு."

நியாயமான பேச்சு. அப்பா நியாயத்துக்குக் கட்டுப்பட்டவர். இன்னொரு பெட்டி வைக்கப் பின் சீட்டில் இடமில்லை. அதனால் எனக்கு இன்னும் பெட்டி தேவையா இல்லையா என்று முறையாகச் சோதித்து முடிவு செய்வோம் என்றார். ஒரு சனிக்கிழமை காலையில் காரை வீட்டு வாசலில் நிறுத்தி, பெட்டியை எடுத்துக் கீழே வைத்தார். ஆஸ்பத்திரியில் பிள்ளைகளை நிறுத்தி உயரம் பார்ப்பவர் என்பதால் கையில் அளவு நாடாவும் ஒரு நோட்டும் இருந்தன.

"முதுகை நல்லா ஒட்டி வச்சு உக்காரு. முட்டி சீட்டு ஓரத்துல மடங்கணும். பாதம் கீழ பதியணும். ரெண்டும் சரியா இருந்தா பெட்டி வேணாம்."

நான் உட்கார்ந்தேன். அவர் சொன்னபடி உட்கார்ந்தால் பாதம் பதிந்து தோற்றுவிடுவேன் என்று தெரியும். அதனால் முதுகை ஒட்டி வைத்துக்கொண்டு, காலை மட்டும் தெரியாமல் தூக்கிக்கொண்டேன். பாதம் தரைக்கு மேல் நான்கு விரற்கடை உயரத்தில் ஆடியது.

"கால் எட்டலையே," என்றார் அப்பா, நோட்டில் எழுதிக்கொண்டே.

"அவ தூக்கிக்கிட்டு இருக்கா. கால் நடுங்குது பாருங்க," என்றாள் தங்கை.

உண்மையில் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அப்பா குனிந்து பார்த்தார். சரியாக அந்த நேரத்தில் அம்மா வெளியே வந்து, இதற்கு நாடாவெல்லாம் எதற்கு என்றாள். பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பில் சேர்க்கும்போது செய்த சோதனையே போதும்: வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் பெரிய பிள்ளை.

நான் கையைத் தலைக்கு மேல் போட்டேன். உச்சந்தலை வரைக்கும் போனது. அதற்கு மேல் எட்டவில்லை என்று முகத்தைச் சுளித்துக் காட்டினேன்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஹெட்மாஸ்டர் முன்னாடி தொட்டியே," என்றாள் அம்மா. "இப்ப கை குட்டையாயிடுச்சா?"

அப்பா என் கையைப் பிடித்து, தோளிலிருந்து விரல் வரைக்கும் அழுத்திப் பார்த்தார். கை குட்டையாகிற வியாதி எதையும் தான் ஆஸ்பத்திரியில் பார்த்ததில்லை என்று ரொம்ப யோசனையோடு சொன்னார். நான் பொய் சொல்வேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் இறங்குகிற அளவுக்கு உறுத்தவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அத்தை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பல தலைமுறைக்கு முன்னால் வந்து குடியேறிய செட்டிகள் வாழும் கம்போங் செட்டியில் பிறந்து வளர்ந்தவர். எங்களோடு ஒரே சாமியைக் கும்பிட்டாலும் அவர்கள் வீட்டில் பேசுவது மலாய்தான். அவரிடம் நாங்களும் மலாயில்தான் பேசுவோம். உரிமையாக அத்தை என்று கூப்பிடுவோம்.

"தலை கூரையில முட்டினா இறக்கிவிடுங்க. அதுவரைக்கும் உட்காரட்டும்," என்று அத்தை மலாயில் சொல்லிவிட்டு, அடுத்த துணியை உதறினார்.

எனக்கு அத்தை மேல் அன்று வந்த பாசத்துக்கு அளவே இல்லை. பெட்டியைத் திரும்ப வைத்து உட்கார்ந்தபோது என் தலைக்கும் கார் கூரைக்கும் நடுவில் ஒரு கை அகலம் இடம் இருந்தது. அப்பா அதையும் அளந்து எழுதிக்கொண்டார். முடிவு தள்ளிப்போனது. தங்கை அன்றைக்கு என்னோடு பேசவில்லை.

சுதந்திர தினத்துக்கு மறுநாள் சாயங்காலம், ஊர் அலங்காரம் பார்க்கக் காரில் கிளம்பினோம். அத்தையும் எங்களோடு வந்தார். பின் சீட்டில் வலது ஓரத்தில் அத்தை, நடுவில் தங்கை, இடது ஓரத்தில் பெட்டி மேல் நான். அம்மா எனக்கு ரெட்டைச் சடை போட்டு, உச்சியில் கம்பி வைத்த துணிப்பூ ஒன்றைக் குத்தியிருந்தாள். பெரிய பூ. அது என் உயரத்தைக் கூட்டிவிட்டது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் ரோட்டில் ஒரு பள்ளம். ரோட்டுக்குக் குறுக்கே கட்டியிருந்த கொடிகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டிய அப்பா பள்ளத்தைப் பார்க்கவில்லை. கார் இறங்கி எழும்பியது. நானும் எழும்பினேன். தலை கூரையில் 'டொக்' என்று மோதியது. அந்தக் காரின் கூரைக்கு உள்பக்கம் துணி ஒட்டியிருக்கும். பூவின் கம்பி அந்தத் துணியைக் குத்தி உள்ளே போய் மாட்டிக்கொண்டது.

"அப்பா, என்னைக் கார் புடிச்சுக்கிச்சு," என்றேன்.

அப்பா அங்கேயே, ரோட்டு நடுவிலேயே காரை நிறுத்தினார். கீழே இறங்கலாம் என்றால் முடி இழுத்தது. நான் இறங்காமல் பெட்டியை எடுக்க முடியாது, பெட்டியை எடுத்தால் நான் தொங்குவேன். பெட்டியிலேயே குந்தியிருக்க எவ்வளவு ஆசைப்பட்டேனோ, அவ்வளவும் ஒரே நேரத்தில் கிடைத்துவிட்டது. அம்மா முன் சீட்டில் மண்டியிட்டுத் திரும்பிப் பூவை அவிழ்க்கப் பார்த்தாள். அத்தை என் தாடையைப் பிடித்துக்கொண்டு அசையாதே என்றார். தங்கை சீட்டில் சாய்ந்துகொண்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

பின்னால் பஸ்ஸும் திரிஷா என்கிற மூன்று சக்கர சைக்கிள் வண்டிகளும் வரிசையாக நின்றுவிட்டன. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மலாய்ப் போலீஸ்காரர் ஒருவர் வந்து குனிந்து பார்த்தார்.

"என்ன விஷயம்?" என்று கேட்டார்.

"மகள் கூரையில் மாட்டிக்கொண்டாள்," என்றார் அப்பா, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பற்றிச் சொல்வது போல.

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "இவ்வளவு பெரிய பிள்ளை எதுக்குப் பெட்டி மேல உட்காந்திருக்கு?" என்றார்.

அவர் வண்டிகளை ஒவ்வொன்றாக ஒதுக்கி அனுப்பினார். திரிஷாவில் போனவர்கள் எல்லாரும் தலையை நீட்டி என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதில் என் வகுப்பு டீச்சரும் இருந்தார். கையை ஆட்டினார், மெதுவாக. கடைசியில் அப்பா தன் பையிலிருந்து கட்டு வெட்டும் கத்தரியை எடுத்துப் பூவைக் கம்பியோடு வெட்டிவிட்டார். பாதிப் பூ கூரையில் தங்கியது. அதோடு என் முடியும் கொஞ்சம்.

"முட்டிருச்சு," என்றார் அத்தை அமைதியாக.

நான் பெட்டியை விட்டு இறங்கி, தங்கையோடு இடம் மாறி நடுவில் உட்கார்ந்தேன். முதுகு ஒட்டியது, முட்டி மடங்கியது, பாதம் பதிந்தது. ஜன்னலைப் பார்த்தேன். தோரணம், விளக்கு, கூட்டம், சிரிக்கிற முகங்கள், ஐஸ் விற்கிறவரின் வண்டிச் சக்கரம் வரைக்கும் எல்லாமே நேராகத் தெரிந்தன. பெட்டி மேல் உட்கார்ந்து பார்ப்பதற்கு நான் கழுத்தைக் குனிய வேண்டியிருந்ததே என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு வருஷமாகக் குனிந்து குனிந்தே ரோட்டைப் பார்த்திருக்கிறேன். அடிக்கடி கழுத்து வலிக்கிறது என்று சொன்னதற்கு அப்பா தைலம் தேய்த்துவிட்டிருந்தார்.

"காதைத் தொட்டுக் காட்டவா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"வேணாம்," என்றாள் அம்மா. அப்பாவின் தோள் குலுங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

தங்கை அன்றே பெட்டியில் ஏறினாள். முதலில் கையை ஆட்டினாள், அதுவும் என்னைவிட வேகமாக. மூன்று ஞாயிற்றுக்கிழமை அப்படி வந்தாள். நான்காவது வாரம், சீட்டில் உட்கார்ந்திருந்த நான், அன்று எங்களோடு காரில் வந்த அத்தையின் மகளோடு காலை நீட்டிக்கொண்டு கல்லாங்காய் விளையாடுவதைப் பார்த்துவிட்டு, பெட்டி வேண்டாம் என்றாள். அப்பா அவளைப் பெட்டியில் உட்காரச் சொல்லி அரை மணி நேரம் கெஞ்சினார். அவளுக்கு இன்னும் முட்டி மடங்கவில்லை, கால் எட்டவில்லை, வெளியே மேகம்தான் தெரியும் என்று நோட்டைக் காட்டி விளக்கினார்.

"மேகம் பாத்துக்குறேன்," என்றாள்.

அவளைப் பெட்டியில் உட்கார வைக்க இன்னும் ஒன்றரை வருஷம் எல்லாரும் பாடுபட்டோம். அதில் அதிகம் கத்தியது நான்தான். பெட்டியின் அருமை தெரிந்தவள் நான் ஒருத்திதானே.